நந்தனார் நாடகத்தில் வேதியரின் பொறுப்பு
சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் நிலக்கிழார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரே 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் வேதியர் என்னும் ஆண்டையைப் படைத்தார். அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முறையை நாம் நோக்குதல் வேண்டும். முதலில் சினந்து மறுக்கும் வேதியர், பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுத் தில்லைக்குச் செல்லலாம் என்கிறார். இப்பொழுது தடுப்பது அவரன்று, வேலையே என்றாகிறது. இறையருளால் ஓரிரவில் வேலை முடிந்ததும் நந்தனாரை வணங்குகிறார். குற்றம் கேட்பாரின்றிக் கரைகிறது. தீ மட்டும் நந்தனார்க்கு எஞ்சுகிறது.

இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' அத்தீயை மேற்குலத்தார் சூழ்ச்சியாகக் காட்டியது. 1968இல் தஞ்சைக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்டனர். காருடைய பெருநிலக்கிழார் தாமே சென்று தீயிட்டிருப்பர் என நம்புதற்கில்லை எனக் கருதிய உயர் நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுவித்தது. மேடையில் அருள் செய்ததை மன்றத்தில் செல்வநிலை செய்தது.