மிக் புரதம்

செல்லின் உட்கருவில் இருந்தபடி பிற மரபணுக்களை இயக்கும் படியெடுத்தல் காரணிகளுள் ஒன்று மிக். மனிதரில் இதன் மரபணு 8ஆம் குரோமோசோமில் உள்ளது. செல் வளரவும் பிரியவும் மிக் இன்றியமையாதது. அளவு மீறினால் புற்றுக்கு உந்துவிசையாகிறது.

இதன் வரலாறு கோழியிலிருந்து தொடங்குகிறது. கோழிகளின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் கட்டிகளை உண்டாக்கும் எம்சி29 என்னும் வைரஸ் 1964இல் பல்கேரியாவில் கண்டறியப்பட்டது. அது சுமந்த மிக் என்னும் புற்று மரபணுவை 1970களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப்பின் குழு அடையாளம் கண்டது. அந்த மரபணு வைரஸுக்கே உரியதன்று, எப்போதோ கோழியின் செல்லிலிருந்து வைரஸுக்குள் புகுந்தது என்பதும் தெளிவாயிற்று.

மனித நோயுடன் இதற்குள்ள உறவை நிறுவியது பர்கிட் நிணநீர்ப் புற்று. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் இக்கட்டியை டெனிஸ் பர்கிட் 1958இல் விவரித்திருந்தார். இந்நோயில் பெரும்பாலும் 8ஆம், 14ஆம் குரோமோசோம்கள் ஒடிந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் மிக் மரபணு, எதிர்ப்புரதத்தை உருவாக்கும் மரபணுவின் அருகே போய் அமர்கிறது என்பதை 1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். எதிர்ப்புரதத்தை ஆக்கும் பி செல்லில் அதற்கான மரபணு ஓயாமல் இயங்கும். அதன் ஆணைக்கு உட்பட்ட மிக்கும் ஓய்வதில்லை. மறு ஆண்டே, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா கட்டிகளில் மிக்கின் உடன்பிறப்பான என்-மிக் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பது தெரியவந்தது. வேறு பல புற்று மரபணுக்கள் உருத்திரிந்து கெடுதல் செய்கின்றன. மிக் பெரும்பாலும் உருமாறாமலே, மிகையால் மட்டும் கெடுக்கிறது. இதுவே அதன் தனித்தன்மை.

மிக் தனித்து இயங்காது. 1991இல் கண்டறியப்பட்ட மேக்ஸ் புரதத்துடன் இணைந்தே டிஎன்ஏவைப் பற்றுகிறது. ரைபோசோம் உற்பத்தி, குளுக்கோஸ் பயன்பாடு, செல் பிரிவு ஆகியவற்றுக்கான மரபணுக்களை முடுக்குகிறது. இயல்பான செல்லில் இப்புரதம் அரை மணி நேரத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். புற்றுச் செல்லில் இந்தக் கட்டுப்பாடு குலைகிறது. ஆயினும் மிகையான மிக், செல்லைத் தற்சாவுக்கும் தூண்டும். அந்தச் சாவைத் தடுக்கும் பிசிஎல்2 மரபணு துணைசேர்ந்தால் புற்று வேகமெடுக்கும் என்று 1988இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினர். புற்று ஏன் ஒற்றைப் பிழையால் வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மேக்ஸுடன் சேராத நிலையில் மிக்கின் பெரும்பகுதிக்கு நிலையான வடிவம் இல்லை. மருந்து மூலக்கூறு பற்றிக்கொள்ளக் குழிவும் இல்லை. ஆதலால் நெடுங்காலம் இது மருந்துக்கு எட்டாத இலக்காகவே கருதப்பட்டது. 1998இல் லாரா சுசெக் வடிவமைத்த ஓமோமிக் என்னும் சிறுபுரதம் மிக்கை முடக்கவல்லது. அதிலிருந்து உருவான ஓஎம்ஓ-103 மருந்தின் முதற்கட்டச் சோதனை முடிவுகள் 2024இல் வெளியாயின. நோயாளிகள் சிலரிடம் கட்டி மேலும் வளராமல் நின்றது.