'ஆட்சேபணை இல்லை': சட்டசபையில் கேட்கப்பட்ட தெரு



சட்டசபையில் ஒருவர் கேள்வி கேட்டார் என்றால் நமக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். வீதியில் இறங்கியவர்களையே நினைவில் வைத்திருக்கிறோம். வீதியில் நடப்பதே வழக்காக இருந்த 1920களில், அந்த வழக்கைச் சபைக்குள் கொண்டுபோனவர்களைப் பற்றி ராயப்பன்பட்டியில் இன்று பேச விரும்புகிறோம்.

முதல் உலகப்போர் முடிந்தபின் வந்த 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை கூடியது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன் ஆகியோர் நியமன உறுப்பினர்களாகத்தான் உள்ளே போக முடிந்தது. மந்திரிசபையைக் கவிழ்க்கும் பலம் அவர்களுக்கு இல்லை. கையில் இருந்தவை கேள்வியும் தீர்மானமும்தான்.

கேள்விக்கு என்ன பலம்? அரசு பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகக் கலெக்டர், தாசில்தார் என்று காகிதம் கீழே இறங்கும். "இங்கே அப்படி ஒன்றுமில்லை" என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டால், அந்தப் பொய்யும் அச்சில் ஏறிவிடும். பிறகு அதைக் காட்டியே மடக்கலாம்.

'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத ராஜா கொண்டுவந்த தீர்மானம் 1922இல் அரசாணையானது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்த சீனிவாசன் 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானமோ நேரே தெருவைக் கேட்டது. செப்டம்பர் 25இல் 2660ஆம் எண் அரசாணை வந்தது. எந்த வகுப்பாரும் பொதுத்தெருவில் நடப்பதற்கும், பொதுக்கிணறு, குளம், அலுவலகங்களைச் சாதி இந்துக்களைப்போலவே பயன்படுத்துவதற்கும் 'ஆட்சேபணை இல்லை' என்றது அது.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள். 'உரிமை உண்டு' என்று இல்லை. தடுப்பவனுக்குத் தண்டனையும் இல்லை. அதே ஆண்டே பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில், தேர்த்திருவிழாவுக்குள் நுழைந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். கோயம்புத்தூர்க்காரரான வீரையன் இந்த ஓட்டையைச் சரியாகப் பிடித்தார். உள்ளாட்சிச் சட்டத்தையே திருத்த மசோதா கொண்டுவந்தார். நீதிக்கட்சி ஆட்சியின் சாதனைப் பட்டியலில் அந்த அரசாணை மறக்காமல் இடம்பெறுகிறது. வீரையன் பெயரை நம் மாணவர்களிலேயே எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் தெருக்களுக்கும் அந்த ஆணை பொருந்தியது. காகிதத்தில்.

போன மாதம், இங்கே பக்கத்து ஊர் ஒன்றில் பொதுக்குழாயில் நம் பெண்கள் கடைசியில்தான் பிடிக்க வேண்டியிருப்பது பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். "அவ்வாறான புகார் ஏதும் பெறப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கிழித்துப்போடச் சொன்னார்கள் தம்பிகள். நாங்கள் கோப்பில் வைத்திருக்கிறோம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களோடு உட்காருங்கள்.