நிபந்தனைக் கூற்று

நிபந்தனைக் கூற்று என்பது ஒரு சோதனையின் விடையைப் பொறுத்து அடுத்து எந்த வரியை இயக்குவது என்று நிரலுக்குச் சொல்லும் கட்டளை. ஜாவாஸ்கிரிப்டில் இஃப், எல்ஸ், ஸ்விட்ச் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன.

1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானில் இஃப் மும்முனைச் சந்திப்பாக இருந்தது. கணக்கின் விடை சுழியத்துக்குக் கீழா, சுழியமா, மேலா என்று பார்த்து மூன்று வரிகளில் ஒன்றுக்குத் தாவும். ஆம் எனில் இது, இல்லையெனில் அது என்ற வடிவத்தை ஜான் மெக்கார்த்தி வலியுறுத்த, அல்கால் 60 அதை ஏற்றது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதியபோது, சி, ஜாவா மொழிகளின் இஃப் அப்படியே உள்ளே வந்தது. ஸ்விட்சும், வகையையும் சேர்த்து ஒப்பிடும் === குறியும் மொழியின் தரநிலைக்குள் நுழைய 1999 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு வரை ஆயிற்று.

தென்காசியில் இத்தகைய நிபந்தனைகளை எழுதுவது பலருக்கு அன்றாடப் பிழைப்பு. அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் 2011இல் தொடங்கியது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அந்த ஊருக்கே குடிவந்தார். கல்லூரிப் பட்டம் கேட்காமல் நிரலாக்கம் கற்பிக்கும் ஸோஹோ பள்ளியும் இங்கே உண்டு. இங்கு வளர்ந்த ஸோஹோ டெஸ்க், வாடிக்கையாளரின் புகார்களைக் கையாளும் மென்பொருள். எந்தப் புகார் யாரிடம் போக வேண்டும், எத்தனை மணி நேரம் கடந்தால் மேலாளரிடம் ஏற வேண்டும் என்பதெல்லாம் நிபந்தனைகள்தான். ஸோஹோவின் சொந்த மொழியான டெலூஜிலும் இஃப், எல்ஸ் உண்டு.

இஃப் எழுதுவது எளிது. அதற்குள் வந்து விழும் மதிப்பு எந்த வகை என்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். இதையே நிரலாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 10, எல்லை 9. இரண்டும் இணையப் படிவத்தின் பெட்டிகளிலிருந்து வந்தால் அவை எண்கள் அல்ல, எழுத்துச் சரங்கள். ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முதல் எழுத்திலேயே 1 என்பது 9க்கு முன்னால் என்று சொல்லி, குளிக்க அனுமதித்துவிடும்! இரண்டையும் எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

சுழியத்தின் கதை இன்னும் விசித்திரம். எண் 0, வெற்றுச் சரம், மதிப்பு இல்லாததைக் குறிக்கும் நல், அன்டிஃபைன்ட் எல்லாமே இஃப் கண்ணில் பொய். அருவி வறண்டு 0 பதிவானதும் கருவி பழுதாகி அளவே வராமல் போனதும் ஒரே கிளைக்குத்தான் போகும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் "0" மட்டும் மெய்.

எதைச் சோதிப்பது என்ற கேள்வியை எந்த மொழியும் தீர்த்துவைக்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் குடித்தது. அருவியில் நீர்மட்டத்தை மட்டும் பார்க்கும் நிபந்தனை, மலைமேல் பெய்யும் மழையைப் பார்ப்பதில்லை.

ஆனால் மதிப்பு இல்லாததையும் சுழியத்தையும் பிரித்தறிய ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2020 பதிப்பு ?? என்ற குறியைத் தந்தது. இடப்பக்கம் நல் அல்லது அன்டிஃபைன்ட் ஆக இருந்தால் மட்டுமே அது வலப்பக்க மதிப்பை எடுக்கும். அதற்கு முன் எழுதிய நிரல்களில் அந்த இடத்தில் || குறிதான் இருக்கும். அது சுழியத்தையும் தள்ளிவிடும்.