உழைத்தவர் தீட்டிய வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களுமே. உழைத்தவரைப் பற்றி ஏடுகளில் ஏதேனும் இருப்பின், அது பெரும்பாலும் கணக்கர் எழுதி வைத்த கூலிக் கணக்காகவே இருக்கும். உழைத்தவரே தம் உழைப்பைப் பதிவு செய்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் ஜப்பான் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி யமமோட்டோ சகுபெய்.

அவர் 1892ஆம் ஆண்டு ஃபுகுவோக்கா மாநிலத்தில் பிறந்தார். பள்ளியில் பயில வேண்டிய வயதிலேயே பெற்றோருடன் சுரங்கத்துள் இறங்கினார். சிக்குஹோ வட்டாரச் சுரங்கங்களில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் உழைத்தார். சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்ட காலத்தில், அறுபது வயதைக் கடந்து, இரவுக் காவலராய் இருந்தபோது தூரிகை ஏந்தினார். ஓவியப் பள்ளி எதிலும் பயின்றவரல்லர். தாம் வாழ்ந்த வாழ்வைப் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

தாழ்ந்த குடைவுக்குள் உடலை ஒடுக்கிக் குந்தாலியால் கரி வெட்டும் கணவன், வெட்டிய கரியை இழுத்துச் செல்லும் மனைவி, தம்பியை முதுகில் சுமந்து சுரங்கம் புகும் சிறுவன், வெடி விபத்து, தொழிலாளர்க்கு அளிக்கப்பட்ட கொடுந்தண்டனை, இவையெல்லாம் அவர் ஓவியங்களில் உள்ளன. படத்தின் ஓரத்திலேயே விளக்கமும் எழுதினார். அவர் 1984இல் மறைந்தார். ஓவியங்களும் குறிப்பேடுகளுமாக 697 ஆவணங்களை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஜப்பானிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் தொகுப்பு இதுவே.

பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களும் சிக்குஹோ சுரங்கங்களில் உழைத்தனர் என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

கல்மண்டபத்தார்க்குக் கரி புதிதன்று. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையத்தின் நீராவி வண்டிகள் கரியால் ஓடின. துறைமுகத்தில் கரிக்கப்பல் வந்தால் நம்மவர் தலையில் கூடை ஏறியது. அதன் தூசி நம் வீடுகளிலும் நுரையீரலிலும் படிந்தது. சென்னைத் துறைமுகத்தில் கரி கையாள்வதை நிறுத்துமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் அதே 2011ஆம் ஆண்டில்தான். எண்ணூர் அனல்மின் நிலையமோ 2017இல் மூடப்பட்டது. தொழில் மறையும்போது அதைச் செய்தவர் நினைவும் மறைந்துவிடுகிறது.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் சங்கத்து இளைஞர்க்கு நாம் ஒன்று கூறுவோம். நீங்கள் பெற்ற எழுத்தறிவு வேலைக்கு மனு எழுதுவதற்கு மட்டுமன்று. கூடை சுமந்த பெரியோரிடம் அமர்ந்து, என்ன கூலி, எத்தனை கூடை, யார் அடித்தார், யார் எதிர்த்து நின்றார் என்று கேட்டு எழுதுங்கள். வரைய வல்லார் வரையுங்கள். அவர்கள் உயிருடன் இருக்கும்போதே இதைச் செய்தல் வேண்டும்.