பூசாத சுவர், பூசிய சுவர்

சண்டிகருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கேபிடல் வளாகத்துக்கு அழைத்துப் போவது என் டியூட்டி. (அடையாள அட்டை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.) போன டிசம்பரில் மாமியார் ஹைகோர்ட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ளே, இவ்ளோ பெரிய கோர்ட்டு, பூசறதுக்குக் காசில்லையா?"

சிரித்தேன். ஆனால் நியாயமான கேள்வி.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, நம் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. புது நகருக்கு முதலில் திட்டம் போட்டவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவரோடு இருந்த நொவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்துபோக, 1951-ல் வந்து சேர்ந்தார் லெ கார்பூசியே.

அப்போது அவர் பிரான்சில், மார்செய் நகரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். போர் முடிந்த சமயம், இரும்புக்குத் தட்டுப்பாடு. கான்கிரீட்டில் கட்டினார்கள். சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் பிசிறு, பள்ளம், ஒன்றோடொன்று சேராத மூலைகள்! மனுஷர் அசரவில்லை. மனித முகத்தில் சுருக்கமும் மச்சமும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று 1952-ல் அப்படியே திறந்துவிட்டார். குறையையே அழகாக்கிய அந்தப் பாணிதான் இங்கேயும் வந்தது. 1955-ல் ஹைகோர்ட், 1958-ல் செயலகம், அப்புறம் சட்டசபை. பெண்கள் தலையில் சுமந்து கொட்டிய கான்கிரீட். பலகையின் ரேகை இன்றும் சுவரில் தெரிகிறது.

அதெல்லாம் பிறவி மச்சம். பின்னால் வந்தது வேறு. மழைநீர் வழியும் இடத்தில் பாசி படிந்து கறுப்புக் கோடு. உள்ளிருந்து சுண்ணாம்பு கசிந்து வெள்ளைத் திட்டு. இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் உறுத்தல். பயப்பட வேண்டியது பழுப்புக் கறைக்கு. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருஷமாக உள்ளே இறங்கி, கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். அது போனபின் ஈரம் பட்டால் துரு. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கான்கிரீட் பிளந்து கொடுக்கும்.

இவ்வளவு பேசுகிறேனே, நானே ஏமாந்தேன். மொகாலியில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினேன். 30 வருஷப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் அலசினேன். (வங்கிக்காரன் புத்தி!) தலையைத் தூக்கி பால்கனி கூரையை மட்டும் பார்க்கவில்லை. புது பெயிண்ட் பளபளத்தது. முதல் மழையில் பழுப்புக் கோடு. அடுத்த மாதம் ஒரு சில்லு விழுந்தது, என் மகள் உட்கார்ந்து படிக்கும் நாற்காலி மேலேயே. நல்லவேளை, அப்போது அவள் ஸ்கூலில் இருந்தாள். இன்ஜினியர் சுத்தியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். உதிர்வதைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, திரும்பப் பூசினோம். மேலே பெயிண்ட். யாருக்கும் தெரியாது.

கேபிடலில் அது முடியாது. 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. பழுப்பு தெரிகிற இடத்தைக் கொத்தி அடைத்தால் அந்த ஒட்டே புதுக் கறையாகத் தெரியும். நிறம், மணல், பலகை ரேகை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இங்கே பல்கலைக்கழகத்தில் ழான்னரே கட்டிய காந்தி பவனைப் பராமரிக்கத் திட்டம் தீட்ட, 2015-ல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை பணம் கொடுத்தது.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்க பால்கனிக்கு அடியில நாற்காலி போடாதீங்க" என்றார். இன்னும் போடவில்லை. ஜூலை மழை வரட்டும், பார்க்கலாம்.