செப்பேட்டில் நின்ற பெயர்

ஓலை அழியும், செம்பு நிலைக்கும். இதற்குச் சான்று வேள்விக்குடிச் செப்பேடுகள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வழங்கிய அவ்வூர், களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. எட்டாம் நூற்றாண்டில் அவன் வழிவந்த நற்சிங்கன் முறையிட, பராந்தக நெடுஞ்சடையன் அவ்வுரிமையின் பழமையை நாட்டார்வழி மெய்ப்பிக்கப் பணித்தான். மெய்ப்பித்த பின்னரே ஊர் மீண்டது. ஆணை 10 ஏடுகளில் பொறிக்கப்பெற்றது.

பொறித்தவன் யுத்தகேசரிப் பெரும்பணைகாரன். அவன் பெயரும், அப்பணிக்காக அவன் பெற்ற மனையும் நிலமும் அவ்வேட்டிலேயே இடம்பெற்றுள்ளன. வேந்தன் பெயரைத் தாங்கிய செம்பு, உளி பிடித்த கையையும் மறக்கவில்லை.

இன்று கோயில்களிலும் ஆலை வாயில்களிலும் பித்தளைப் பலகைகள் மின்னுகின்றன. அவற்றில் கொடையாளர் பெயர் உண்டு. திறந்துவைத்தவர் பெயர் உண்டு. செதுக்கியவர் பெயரைத்தான் தேட வேண்டியுள்ளது. பாண்டியன் காட்டிய நெறியை நாம் மீட்டெடுத்தல் வேண்டும்.