பிணையில்லாக் கடனுக்கு யார் பிணை? நுண்கடனும் சிறுதொழில் பெண்களும் சட்டமும்

சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் பிற நகரங்களின் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளிலும் இட்லிக் கடை, தையல், மீன், பூ வணிகம் ஆகியவற்றைப் பெரும்பாலும் பெண்களே நடத்துகின்றனர். நிலவுரிமை தலைமுறைகளாக மறுக்கப்பட்ட சமூகத்திடம் வங்கி முதலில் கேட்பது சொத்து ஆவணம். அது இல்லாதவரிடம் கந்துவட்டிக்காரர் வருவார். அவருக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு நுண்கடன் நிறுவனம் வந்தது. பிணை வேண்டாம், சில பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்பது அதன் அழைப்பு. அந்தப் பெண்களும், தெருவில் அவர்களுக்கிருக்கும் மதிப்புமே அக்கடனுக்குப் பிணையாகின்றன என்பதை அழைப்பு சொல்வதில்லை.

இரண்டு ஏற்பாடுகளைப் பலர் ஒன்றெனக் கொள்கின்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992இல் நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. அங்கே பெண்கள் முதலில் சேமித்து, அதைத் தமக்குள் சுழற்றிய பின்னரே வங்கிக் கடன் பெறுகின்றனர். நுண்கடன் நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்புக் குழு வங்கதேசத்தின் கிராமின் வங்கி முறையிலிருந்து கிளைத்தது. இதில் பணமும் விதிகளும் நிறுவனத்துடையவை. பொறுப்பு மட்டும் பெண்களுடையது. பேச்சு வழக்கில் இரண்டும் ‘குழு லோன்’தான். என்னிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபாயை இரண்டாண்டில் திருப்பித் தர வேண்டும், ‘வட்டி ஆண்டுக்கு 12.5 விழுக்காடு’ என்று வாயால் சொல்லப்படுகிறது என்று கொள்வோம். முழுத் தொகைக்கும் இறுதிவரை வட்டி போட்டால் வட்டி 12,500 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 2,604 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 22 விழுக்காடு. செயல்முறைக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்தால் இன்னும் கூடும். தையல் இயந்திரம் வாங்கியவர் வாடிக்கை பிடிக்கச் சில மாதங்களாகும். தவணையோ வாரமோ மாதமோ கழிந்ததும் தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் தெருக்கடை மூடிக்கிடந்தாலும் தவணை நிற்பதில்லை.

ஐதராபாத்தின் 104 ஏழைக் குடியிருப்புகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. முன்பே தொழில் நடத்திவந்தோர் முதலீட்டைக் கூட்டினர். ஆனால் கல்வியிலோ உடல்நலத்திலோ பெண்களின் அதிகாரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வறுமை ஒழிப்பு என்ற விளம்பரத்தை இதனருகே வைத்துப் படிக்கலாம். 2010இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவருமளவுக்கு வசூல் கொடுமை முற்றிய பின்னரே ரிசர்வ் வங்கி இத்துறைக்குத் தனி விதிகளை வகுக்க முற்பட்டது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கான பிணையில்லாக் கடனே நுண்கடன். எல்லாக் கடன்களின் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வட்டிக்கு இருந்த உச்சவரம்பு இவ்விதிகளில் நீக்கப்பட்டது. என் பார்வையில் இது பெரும் பின்னடைவு. வசூல் பற்றிய விதிகளோ தெளிவானவை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்பெற்றவரை அழைக்கக்கூடாது; இழிசொல், மிரட்டல், உறவினரைத் தொந்தரவு செய்தல், பெயரை வெளியிடுதல் ஆகியவை கூடா. முகவர் செய்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையது.

நடைமுறையில் ஊழியர் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்களை எழவிடாமல் உட்காரவைப்பார். மீதியைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிவிடுவர். இங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத ஒருவர் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் வைவதையும் தண்டிக்கின்றன. ஏவியவர் சாதி இந்துவாக இருந்தாலும், ஏசியவர் அதே காலனிப் பெண்ணாக இருந்தால் இப்பிரிவுகள் அவர்மீது பாயா. நான்கு சுவருக்குள், பிறர் எவரும் இல்லாதபோது நடந்த ஏச்சு இதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே புகாரில் குழுக்கூட்டம் நடந்த இடம், வாசலா உள்ளறையா, யார் யார் கேட்டனர் என்பவற்றை முதலிலேயே எழுத வேண்டும்.

கடன் கட்டாமை தன்னளவில் குற்றமன்று. காவல் நிலையத்துக்கு அதை வசூலிக்கும் அதிகாரமும் இல்லை. நீதிமன்ற ஆணையோடு வந்தாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சமையல் பாத்திரங்களையும் கைவினைஞரின் கருவிகளையும் ஜப்தியிலிருந்து காக்கிறது. அப்படியிருக்க, ஆணை ஏதுமின்றி எரிவாயு உருளையையோ தையல் இயந்திரத்தையோ தூக்கிச் செல்வோர்மீது குற்றப் புகாரே கொடுக்கலாம். வற்புறுத்தி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

தாட்கோ கடன், முத்ராவின் 50,000 ரூபாய் வரையான ‘சிசு’ பிரிவு, தெரு வணிகர்க்கான ஸ்வநிதி ஆகியவை தனிநபர் பெயரில் கிடைப்பவை. பக்கத்து வீட்டார் பிணை நிற்க வேண்டாம். ஆனால் தாட்கோ பரிந்துரைத்த விண்ணப்பமும் வங்கிக் கிளையில் நின்றுபோவதுண்டு. வாய்மொழி மறுப்பை ஏற்காமல் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பொதுத்துறை வங்கியானால், விண்ணப்பம் எந்த நிலையிலுள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பதாரரே கேட்கலாம்.